‘ஈட்டிய ஓட்டம்’ வேண்டாம், ‘பொறுப்போட்டம்’ எனலாம்

அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்பால் சொற்பட்டியலில் எறிஞரை மதிப்பிடும் முதன்மையான அளவைக்கு ‘ஈட்டிய ஓட்டச் சராசரி’ (earned run average) என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. ஓட்டத்தை ஈட்டுவது மட்டையாடும் அணி. நாம் அளக்க வருவதோ, அந்த ஓட்டங்களில் எத்தனைக்கு எறிஞர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை. ஆகவே அத்தகைய ஓட்டத்தைப் ‘பொறுப்போட்டம்’ என்றும், ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, அவர் கணக்கில் ஏறும் அளவைப் ‘பொறுப்போட்டச் சராசரி’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. (‘பந்துவீச்சாளர்’ என்னாமல் ‘எறிஞர்’ என்றது சரியே. கிரிக்கெட்டில் மடங்கிய முழங்கையை நிமிர்த்தி எறிவது குற்றம். இங்கே அதுவே ஆட்டம்.)

இந்தச் சொல்லை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புள்ளிவிவரமா, நேரில் கண்ட அனுபவமா என்று அமெரிக்க ரசிகர்கள் ஓயாமல் வாதிடும்போது, இந்தச் சராசரியைக் கண்ணுக்கு எதிரான எண்ணாகவே கொள்கிறார்கள். ஆனால் அந்த எண்ணே ஒருவருடைய கண்ணிலிருந்துதான் பிறக்கிறது. மூவர் ஆட்டமிழந்தால் ஒரு இன்னிங்ஸ் முடியும். இரண்டு பேர் ஆட்டமிழந்த நிலையில் தரையோடு உருண்டு வரும் பந்தை ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) கைநழுவ விட்டால், அது தடுப்புப் பிழையா இல்லையா என்பதை அரங்கில் அமர்ந்திருக்கும் ஸ்கோரர் பார்த்துத் தீர்மானிக்கிறார். பிழை என்று அவர் எழுதிவிட்டால், அந்த இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்ற கணக்கில், அதன்பின் அந்த எறிஞர் மூன்று ஹோம் ரன்கள் (மட்டையாளர் எல்லாத் தளங்களையும் சுற்றி ஓட்டம் பெறும் அடிகள்) கொடுத்தாலும் ஒரு பொறுப்போட்டமும் அவர் மேல் விழாது. அதே பந்தை எட்டவே முடியாத அளவுக்கு மெதுவான தடுப்பாளர் அங்கே நின்றிருந்தாலோ, பிழை என்று எவரும் எழுதமாட்டார்கள். பழி முழுவதும் எறிஞருக்குப் போகும். ‘பொறுப்பு’ என்ற சொல், யாரோ ஒருவர் பொறுப்பைச் சுமத்துகிறார் என்பதை மறைக்காமல் காட்டுகிறது.

எறிஞர் ஜாக் மோரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரின் 1991ஆம் ஆண்டு ஏழாவது ஆட்டத்தில் பத்து இன்னிங்ஸும் அவரே எறிந்து, அவருடைய மின்னசோட்டா அணி 1-0 என வென்றது. அதைக் கண்டவர்களுக்கு அவர் மாவீரர். அவருக்குப் புகழவையில் இடம் தரக்கூடாது என்ற எதிர்த்தரப்பு காட்டியது அவருடைய வாழ்நாள் சராசரியான 3.90ஐ (இது குறைவாக இருப்பதே சிறப்பு). அணி முன்னிலையில் இருக்கும்போது அவர் சற்றுத் தளர்த்தி எறிந்ததால்தான் அது உயர்ந்தது என்றனர் ஆதரவாளர்கள்; ஆட்டவாரியான பதிவுகளைத் துருவியவர்கள் அதற்குச் சான்றில்லை என்றனர். எழுத்தாளர்கள் வாக்களித்த பதினைந்து ஆண்டுகளிலும் கிட்டாத புகழவை (Hall of Fame) இடம், ஒரு குழுவின் தேர்வால் 2018இல்தான் அவருக்குக் கிடைத்தது. அந்த ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்து தளங்கள் மூன்றும் நிரம்பியிருக்க, எதிரணியின் சிட் ப்ரீம் அடித்த பந்து முதல் தளத் தடுப்பாளரிடம் போய், அவரிடமிருந்து கேட்சருக்கு (மட்டையாளரின் பின்னே நிற்பவர்) சென்று, மீண்டும் முதல் தளத்துக்கே திரும்பி இருவரை வீழ்த்தியது. நெஞ்சுரத்தோடு எறிந்தவர் மோரிஸ்தான். ஆனால் அந்தக் கணத்தில் அவரைக் காத்தவை வேறு இருவருடைய கைகள்.

இதைப் பிரித்தறியத்தான் 2001இல் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன், களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட் (மட்டையாளரைத் தளம் சேர்க்கும் அடி) ஆவதும் ஆகாததும் பெரிதும் எறிஞரின் கட்டுப்பாட்டில் இல்லை என்று வாதிட்டார். அவ்வழியில் வந்த அளவை ஹோம் ரன், ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழத்தல்), எல்லைக்கு வெளியே சென்ற நான்கு எறிகளால் இலவசமாகத் தளம் சேர்ந்தவர்கள், பந்து மேலே பட்டுத் தளம் சேர்ந்தவர்கள் ஆகியவற்றை மட்டுமே எண்ணுகிறது. பட்டியலில் இதற்கு வந்துள்ள ‘களத்தடுப்பு சாரா எறிதல் மதிப்பு’ பொருளில் சரி, நாவில் நிற்காது. ‘தனியெறி மதிப்பு’ எனச் சுருக்கலாம். ‘தூய எறிமதிப்பு’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். மட்டையாளர் அடிக்காமல் விட்ட எறி எல்லைக்குள் வந்த ஸ்ட்ரைக்கா இல்லையா என்று தீர்ப்பளிப்பது நடுவரின் கண் என்னும்போது, எறிஞர் தவிர வேறெவரும் கலவாத எண் என்று அதைச் சொல்வது பிழையாகும்.

2010இல் 13 வெற்றி, 12 தோல்வி என்ற கணக்கோடு ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் சிறந்த எறிஞருக்கான சை யங் விருதை வென்றபோது, 21 வெற்றி பெற்ற மற்றோர் எறிஞரான சபாத்தியாவை விட்டு வாக்காளர்கள் பார்த்தது ஹெர்னாண்டஸின் 2.27 என்ற சராசரியை. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: “அவரது பொறுப்போட்டச் சராசரி 2.27, அவர் அணி அந்த ஆண்டு 101 ஆட்டங்களில் தோற்றது.” விளக்கக் குறிப்பு இல்லாமலே வாக்கியம் நிற்கிறது. ‘ஈட்டிய ஓட்டச் சராசரி’ என்று எழுதினால், அவர் மட்டையெடுத்து ஓட்டம் குவித்ததாகவே வாசகர் எண்ணுவார்.