ட்ரோனுக்குத் தும்பி, வட்டமிட்டுத் தாக்குவதற்குச் சிரல்

நண்பர்களே,

ஆளில்லாமல் பறக்கும் ட்ரோனுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஆங்கிலத்தில் 'ட்ரோன்' என்றால் ஆண் தேனீ, ஆகவே தேனீயை வைத்தே சொல் ஆக்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்தப் பெயர் படைக்குள் வந்த கதையைப் பாருங்கள். 1935-இல் பிரிட்டனில் டைகர் மாத் பயிற்சி விமானத்தை வானொலியால் இயங்கும்படி மாற்றினார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கியாளர்கள் சுட்டுப் பழக அது இலக்காகப் பறந்தது. பெயர் 'குயின் பீ', அதாவது ராணித் தேனீ. அதைப் பார்த்த பிறகு அமெரிக்கக் கடற்படையும் அதே வேலையைத் தொடங்கியது. பொறுப்பேற்ற டெல்மர் ஃபார்னி, ராணிக்கு இணையாக 'ட்ரோன்' என்ற பெயரைக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது; இன்றைய ட்ரோனோ குண்டு வீசுகிறது. அவர்களுடைய பெயர் விளையாட்டை நாம் சுமக்க வேண்டியதில்லை.

'ஆளில்லா விமானம்' பிழையான சொல் அன்று. அரசாணைக்குப் பொருந்தும். ஆனால் இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின் எடைப் பிரிவுகள் 250 கிராமுக்குள் தொடங்கி 150 கிலோவுக்கு மேல்வரை போகின்றன. உள்ளங்கையில் அடங்குவதை விமானம் என்று சொல்ல வாய் வராது. வயலில் மருந்து அடிப்பவர்களும் ட்ரோன் என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு ஈடுகொடுக்க ஈரெழுத்து, மூன்றெழுத்துச் சொல்லால்தான் முடியும்.

என் பரிந்துரை 'தும்பி'. தும்பி தன் நான்கு இறக்கைகளையும் தனித்தனியே அசைக்கும். அதனால்தான் அந்தரத்தில் நிற்கிறது, சட்டென்று பின்னோக்கியும் பறக்கிறது. நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோனும் ஒவ்வொன்றின் வேகத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துத்தான் திரும்புகிறது. பழைய இலக்கியத்தில் தும்பி வண்டினத்தையும் குறிக்கும் என்பதால் தேனீ அணியினரும் முகம் சுளிக்க வேண்டாம்! யானை என்ற பொருளும் உண்டு. இடம் பார்த்தால் குழப்பம் வராது. தும்பிப்படை, தும்பித்திரள், தும்பித்தடுப்பு என்று சொற்கள் தடையின்றி விரிகின்றன.

வானில் வட்டமிட்டுக் காத்திருந்து, இலக்கு தென்பட்டதும் பாய்ந்து தானும் வெடிக்கும் வகைக்கு வேறு சொல் வேண்டும். இஸ்ரேலின் ஹாரப், நம் நாட்டின் நாகாஸ்திரா-1 எல்லாம் அந்த வகை. இதற்குச் சிலப்பதிகாரமே சொல் வைத்திருக்கிறது. அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த போர்ப்பொறிகளை அடுக்கும்போது, குரங்கு வடிவான 'கருவிரல் ஊகம்', 'பன்றி' ஆகியவற்றோடு 'சென்றெறி சிரல்' வருகிறது. சிரல் என்றால் மீன்கொத்தி. பகைவர் மேல் சென்று கண்ணைக் கொத்தும் பொறி என்று உரை விளக்குகிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்டதும் செங்குத்தாக விழுவதைக் குளக்கரையில் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

'சிரல்' மட்டும் போதுமா, 'எறிசிரல்' என்று வைப்பதா? நான் இரண்டாவதின் பக்கம். பறவை நூல்களில் சிரல் பறவையாகவே இருக்கட்டும். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.