தாழ்வாரத்துக் கைமரத்திலிருந்து மாவு கொட்டுகிறது: கூரையைப் பிரித்தே ஆக வேண்டுமா?

கேள்வி:
மன்னார்குடி பக்கம் அப்பாவின் வீடு. நாட்டு ஓடு, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். தாத்தா கட்டி எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவுக்கு 79 வயது, தனியாக இருக்கிறார். தினமும் காலையில் அவருடைய ஈஸிசேர் கைப்பிடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. துடைத்தால் மறுநாளும் அதே இடத்தில். விரலில் தேய்த்துப் பார்த்தேன். இடியாப்ப மாவு போல நைஸாக இருக்கிறது, நறநறப்பே இல்லை. மேலே ஓடுகளைத் தாங்கும் கைமரத்தில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள். வந்து பார்த்த ஒருவர், "எல்லாம் உளுத்துப் போச்சு, பிரிச்சுட்டு ஷீட் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டைப் பிரிக்காமல் காப்பாற்ற வழி இருக்கிறதா?

பதில் (தச்சு வேலை, கும்பகோணம்):
அவசரப்படாதீர்கள் அம்மா. மண் கோடு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் இப்படி நைஸாக மாவு மட்டும் கொட்டினால் கரையான் இல்லை, உளுவண்டு. நீங்கள் பார்க்கும் ஓட்டை வண்டு வெளியே போன வழி. தின்றதெல்லாம் உள்ளே இருந்த புழு. அது மரத்தின் வெளிப்பக்க இளம் பகுதியான வெளிறைத்தான் தின்னும், ஏனென்றால் மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கை அது தொடாது. எண்பது வருட மரத்தில் புதிதாக மாவு கொட்டுகிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான். கஜா புயலுக்குப் பிறகு ஏதாவது மரம் மாற்றினீர்களா?

இப்போது ஒன்று செய்யுங்கள். எல்லாக் கைமரத்தையும் துடைப்பத்தால் தட்டிப் பழைய தூளை உதிர்த்துவிடுங்கள். ஓட்டைகளை மெழுகால் அடைத்து, கீழே கறுப்பு சார்ட் பேப்பர் விரித்து மூன்று வாரம் விடுங்கள். புதிதாக ஓட்டை விழுந்தாலோ பேப்பரில் புது மாவு கொட்டினாலோ, அந்த மரத்தில் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்புறம் சுவர் மேல் உட்காரும் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். பலம் போனதா என்று அங்கேதான் தெரியும்.

பதில் (பட்டுக்கோட்டையிலிருந்து):
அக்கா, எங்கள் வீட்டில் மாவாக இல்லை, கசகசா மாதிரி குருணையாகக் கொட்டியது. அது மண் கோடு போடாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். வைத்தியம் கொஞ்சம் வேறு, அதனால் பேப்பரில் விழுவதை நன்றாகப் பாருங்கள். யாராவது மண்ணெண்ணெய் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், மேலே ஒயர் ஓடுகிற கூரை.

கேட்டவர், 24 நாள் கழித்து:
ஐயா, நீங்கள் கேட்டதுதான் சரி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கொல்லை மாமரம் விழுந்து தாழ்வாரத்தின் ஒரு மூலையை உடைத்துவிட்டது. அந்த மரத்தையே அறுத்து, ஈரம்கூடக் காயாமல் நாலு கைமரமாகப் போட்டிருக்கிறார்கள். அம்மா வைத்த மரம், வெளியே போகக் கூடாது என்று அப்பாதான் சொல்லியிருக்கிறார். மாவு விழுந்தது அந்த நாலுக்கும் கீழே மட்டும்தான். ஒன்றில் ஸ்க்ரூ டிரைவர் பாதி வரை இறங்கிவிட்டது. பக்கத்துத் தேக்கில் கீறல்கூட விழவில்லை. இனி என்ன செய்வது?

பதில் (தச்சு வேலை, கும்பகோணம்):
நாலையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் விறகாக அடுக்கி வைக்காமல் அன்றே எரித்துவிடுங்கள். பக்கத்து மரங்களில் பெயின்ட், வார்னிஷ் இருந்தால் சுரண்டிவிட்டு மருந்து பூசுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இறங்காது. மூன்று பங்கு வெங்காரம், இரண்டு பங்கு போரிக் பவுடர், இரண்டும் சேர்த்து 100 கிராம், ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து இரண்டு முறை. கையுறை, மாஸ்க் கட்டாயம். அப்பா இரண்டு நாள் உங்களோடு இருக்கட்டும். ஓடு ஒழுகினால் இந்த மருந்து கரைந்து போய்விடும், அதனால் முதலில் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள்.

புது மரத்துக்கு முற்றிய பனஞ்சட்டம் நல்லது. பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும், பழைய வீடு பிரித்த சாமானாகத் தேடுங்கள். கறுப்பு வைரம் மட்டும் இருக்க வேண்டும், நடுவில் இருக்கும் மெத்தென்ற உள்சோறு ஒட்டியிருந்தால் இழைத்துத் தள்ளச் சொல்லுங்கள். எரிக்கும் முன் அந்த மாமரத்தில் உளு ஏறாத துண்டு ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள். நாலு நாள் நல்ல வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிக் காய வைத்துக் கொடுத்தால், அப்பாவுக்கு ஒரு மணை செய்து தருகிறேன்.