படையும் பயணியும் ஒரே ஓடுபாதையில்: தமிழில் என்ன சொல்வது?

கோப்பாயிலிருந்து, செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் புவியியல் மாணவருக்குப் போக்குவரத்து அலகில் ஒரு செயலட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்: ஜொயின்ற் யூஸ் எயார்போட். விமானப்படையும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையில் இறங்கும் இடம். உதாரணத்துக்குப் பிள்ளைகள் தூரம் போக வேண்டாம், யாழ்ப்பாணத்திலேயே பலாலி இருக்கிறது. பழைய செயலட்டையில் 'இராணுவ சிவில் விமான நிலையம்' என்று இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. சின்னதாக ஒன்று தாருங்கள்.

மதுரையிலிருந்து, செவ்வாய் இரவு

டீச்சர், இதற்கு ஏன் இத்தனை யோசனை? 'கூட்டுப் பயன்பாட்டு விமான நிலையம்'. செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் புரியும். அப்புறம் ஒரு சந்தேகம். அதென்ன 'ஜொயின்ற்'? நாங்கள் ஜாயிண்ட் என்றுதான் எழுதுவோம்.

வட்டுக்கோட்டையிலிருந்து, புதன் அதிகாலை

ரீச்சருக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. இங்கே இராணுவம் என்றால் ஆமி, தரைப்படை மட்டும். விமானப்படைத் தளத்தை இராணுவம் என்று எழுதினால் பிள்ளை பிழையாகத்தான் விளங்கிக்கொள்ளும். கோவாவில் டபோலிம் கடற்படையின் தளம். அதற்கும் இராணுவம் என்றா எழுதுவது? முப்படைக்கும் பொதுவாகப் 'படை' என்ற நல்ல சொல் இருக்கிறது.

இன்னொன்று. 1944 சிக்காகோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, படை, சுங்கம், பொலிஸ் ஆகிய சேவைகளில் உள்ளவற்றை அரச வானூர்தி என்கிறது. சிவில் என்பதற்கு அங்கே எதிரில் நிற்பது இராணுவம் அல்ல, அரசு. இதையெல்லாம் பார்க்காமல் மொழிபெயர்த்தால் இப்படித்தான்.

அடுத்தது விமானம். கருவறைக்கு மேலே எழுப்புவதும் விமானம்தானே? அச்சகத்தில் ஓர் எழுத்துப் பிசகித் தளம் தலமானால், 'கூட்டு விமானத் தலம்' மாவிட்டபுரம் கோயிலுக்கு வழிகாட்டும். புறநானூறு 27 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று நமக்கு எழுதி வைத்திருக்கிறது. வானூர்தி என்பதே சரி.

ஆகவே என் சொல்: படைகுடி வானூர்தி நிலையம். 'படைகுடி கூழமைச்சு நட்பரண் ஆறும்' என்று வள்ளுவரே படையையும் குடியையும் அடுத்தடுத்து வைத்துத் தொகையாக்கி விட்டார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மதுரையிலிருந்து, புதன் காலை

ஐயா, அந்தப் புறப்பாட்டில் ஊர்தி ஏறுகிறவர்கள் யார்? புலவர் பாடும் புகழ் பெற்று, செய்வினை முடித்து, விசும்புக்குப் போகிறவர்கள். ஓட்டுநரும் கிடையாது. சென்னைக்கு டிக்கெட் எடுத்தவரிடம் தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

'படைகுடி' அழகுதான், மறுக்கவில்லை. எங்கள் பக்கம் அதைப் படிக்கிறவன் படையினர் குடிக்கிற இடம் என்றுதான் நினைப்பான்.

ரொறன்ரோவிலிருந்து, புதன்

வட்டுக்கோட்டை ஐயாவோடு இந்த முறை ஒத்துப்போக முடியவில்லை, மதுரைத் தம்பியோடும் முடியவில்லை. 'கூட்டு' என்ற சொல் எனக்குக் காதில் குத்துகிறது. எங்கள் வயதுக்காரருக்குக் கூட்டு என்றால், போர்க்காலத்தில் இலங்கைப் படைகளின் 'கூட்டுப்படைத் தலைமையகம்' விடுத்த அறிக்கைதான் முதலில் வரும். கறிக்கூட்டு அதற்குப் பிறகு.

அந்த நாட்களில் எந்தக் கலைச்சொல் குழு கூடியது? சியாய் மார்க்கெட்டி என்ற இத்தாலிய விமானம் வந்து குண்டு போட்டது. சனம் அதற்குச் 'சியாமாசெட்டி' என்று பெயர் வைத்தது, ஏதோ ஊர்க் கடைக்காரர் மாதிரி. இரைந்துகொண்டு வரும் இன்னொன்று 'சகடை'. என் அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சத்தத்தைக் கேட்டே, இது சகடை, இது பொம்பர் என்று பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் பங்கருக்குள் இறங்குவா. பிழைத்ததே இல்லை. சகடம் என்றால் வண்டி, சிலப்பதிகாரத்திலும் வரும் என்று நான் பிறகு படித்தேன். அவவுக்கு அது தேவைப்படவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பங்குக் கிணறு இருந்தது. நாலு வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பு. டபோலிமிலும் நெடுங்காலம் வார நாட்களின் காலைப்பொழுது கடற்படைப் பயிற்சிக்கு, மற்ற நேரம் பயணிகளுக்கு என்றுதான் ஓடியது. அதுவும் முறைதானே? 'பங்கு விமானத் தளம்' என்று வையுங்கள்.

நல்லூரிலிருந்து, புதன் இரவு

பங்கு என்ற சொல்லை இவ்வளவு இலேசாகக் கொடுக்க முடியாது அக்கா. பங்குக் கிணற்றில் என் பங்கு காணி உறுதியில் எழுதியிருக்கும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி, பங்காளி தன் பங்கை விற்க வெளிக்கிட்டால் மற்றப் பங்காளியிடம் முதலில் கேட்க வேண்டும். பயணிகள் விமானத்துக்கு அப்படி என்ன பங்கு? புனேயில் ஓடுபாதை இந்திய விமானப்படையுடையது, வானில் வழிவிடுவதும் அவர்கள்தான். பயணிகளுக்கு உள்ளது கட்டடமும் அதன் சுற்றும். அந்தத் துண்டுக்கு இந்தியாவில் சிவில் என்கிளேவ் என்று பெயர்.

இரண்டு பொருளை நாம் ஒரே சொல்லில் திணிக்கப் பார்க்கிறோம். முழு இடம் ஒன்று, அதற்குள் பயணிகளுக்கு விட்ட துண்டு மற்றொன்று. அந்தத் துண்டுக்கு யாழ்ப்பாணத்திலேயே பெயர் இருக்கிறது: சங்கடப்படலை. கூரை போட்ட படலை, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கலாம், இளைப்பாறலாம், வீட்டுக்குள் போக முடியாது. 'குடிசார் படலை' என்றால் யாருக்கு விளங்காது?

மதுரையிலிருந்து, புதன் இரவு

எனக்கு விளங்கவில்லை. படலை என்றால் என்ன?

கோப்பாயிலிருந்து, வியாழன் காலை

கேற் தம்பி. தென்னோலையிலோ தடியிலோ கட்டியது.

நல்லூர் சேர் சொன்ன பிறகுதான் என் கேள்வியே எனக்குத் தெளிந்தது. நன்றி. ஆனால் செயலட்டையில் படலை என்று போட்டால் மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். 'குடிசார் பகுதி' என்று எழுதிவிடுகிறேன். முழு இடத்துக்குத்தான் இன்னும் சொல் இல்லை.

வட்டுக்கோட்டையிலிருந்து, வியாழன் காலை

அதற்குத்தான் படைகுடி. படை ஏன் முன்னே என்று ஒருவர் தனி மடலில் கேட்டார். வரலாறு அப்படித்தான். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படைக்காகப் போட்டது. பயணிகள் பிறகு வந்தவர்கள்: 1947 டிசம்பர் 10, எயார் சிலோனின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸ். படையும் குடியும் என்ற உம்மைத்தொகை என்றால் 'அர்' போன்ற பலர்பால் ஈறு எங்கே என்று இன்னொருவர். நன்னூல் அந்த விதியை உயர்திணைக்குச் சொன்னது. படை சொல்லால் அஃறிணை. போதுமா?

நிலையம் வடமொழி நிலயம் என்று இனி ஒருவர் தொடங்குவார். நில், நிலை, நிலையம். ஐகாரத்தைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து, வியாழன் மதியம்

தொடங்குகிறேன். நிலயம் என்பதுதான் நிலையம் ஆனது. ஐகாரம் நாம் பிற்பாடு மாட்டியது. ஆலயம் என்று எழுதும்போது மட்டும் ஏன் ஆலையம் என்று எழுதுவதில்லை?

*(இதன் பின் வந்த பதினொரு மடல்களும் நிலையம் பற்றியவை. தனி இழைக்கு மாற்றிவிட்டேன். செயலட்டை நாளை அச்சுக்குப் போகிறது என்பதை யாராவது நினைவில் வைத்திருக்கிறீர்களா? – குழுப் பொறுப்பாளர்)*

ரொறன்ரோவிலிருந்து, வியாழன் மாலை

2019 ஒக்ரோபர் 17இல் திறந்தபோது பலாலிக்கு வைத்த பெயர் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். சர்வதேசமும் விமானமும் பெயரிலேயே இருக்க, வானூர்தி என்று படித்த பிள்ளை அந்தப் பலகையின் கீழ் நின்று வழி கேட்க வேண்டுமா? கூட்டு எனக்குக் குத்தினாலும் பரவாயில்லை, அதையே போடுங்கள். என் காதுக்காக ஒரு வகுப்பு காத்திருக்க வேண்டாம்.

கோப்பாயிலிருந்து, வெள்ளி இரவு

போட்டாயிற்று: 'கூட்டுப் பயன்பாட்டு விமான நிலையம் (படையினரும் பயணிகளும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துவது)'. சின்னதாகக் கேட்டேன், பெரிதாகத்தான் கிடைத்தது. மடல் எழுதியவர்களில் இருவர் கூட்டு என்றார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். வட்டுக்கோட்டை ஐயா மன்னிக்க வேண்டும். படைகுடியை வகுப்பில் வாயால் சொல்லிக்கொடுத்தேன். பின்வரிசை வாங்கிலிருந்து சிரிப்பு வந்தது. மதுரைத் தம்பி வென்றுவிட்டார்.

ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, 'ரீச்சர், கூட்டு என்றால் ரெண்டு பேரும் சரிசமமோ?' என்று கேட்டாள். நல்லூர் சேரின் படலையைச் சொன்னேன். அதைத்தான் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

வட்டுக்கோட்டையிலிருந்து, சனி அதிகாலை

சிரித்தால் சிரிக்கட்டும். எனது மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். அது நிற்க, செயலட்டையின் 4ஆம் பக்கத்தில் விமானங்கள் நிற்கும் இடத்தை 'ஏப்ரன்' என்று அப்படியே விட்டிருக்கிறீர்கள். ரீச்சர், பஸ்ஸுக்கும் காருக்கும் தரிப்பிடம் என்கிறோமே, வானூர்திக்கு மட்டும் என்ன குறை?