யோகாசனத்தைத் தசை வலுப் பயிற்சியாகக் கணக்கில் கொள்ளலாமா?

தேன்மொழி:

வணக்கம். எனக்கு வயது 48. சில ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆசனப் பயிற்சி செய்து வருகிறேன். எங்கள் வகுப்பு பெரும்பாலும் சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி, நின்று செய்யும் ஆசனங்கள், சமநிலை ஆசனங்கள் எனச் சென்று சவாசனத்தில் முடியும். அண்மையில் வழக்கமான உடற்பரிசோதனைக்குப் போனபோது என்னென்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். நடைப்பயிற்சியையும் யோகாவையும் சொன்னேன். இரண்டும் நல்லவையே என்று சொன்னவர், தசைக்கு வலுவூட்டும் பயிற்சி ஏதாவது உண்டா என்று தனியாக இன்னொரு கேள்வி கேட்டார். யோகாவை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துப் பார்த்தேன். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றும், அதைத் தவிர வாரத்தில் குறைந்தது 2 நாட்கள் முக்கியமான தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட தீவிரத்தில் வலுப் பயிற்சி வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உடல் எடையைத் தாங்குவதே வலுப் பயிற்சிதான் என்கிறார் என் யோகா ஆசிரியர். ஜிம்முக்குப் போகும் என் தம்பியோ, உடம்பை நீட்டி வளைப்பதற்கும் வலுவுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறான். சதுரங்க தண்டாசனத்தில் (தண்டாலில் பாதி இறங்கிய நிலை) என்னால் நிலையாக இருக்க முடிகிறது. உத்கடாசனத்தில் (நாற்காலியில் உட்கார்வதுபோல் முழங்காலை மடக்கி நிற்பது) ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடிகிறது. ஆனாலும் கனமான பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டுமென்றால் துணைக்கு ஆள் தேடுகிறேன். நான் செய்வது கணக்கில் வருமா, வராதென்றால் எது குறைகிறது என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

இளம்பரிதி:

நான் உடற்பயிற்சியாளராகப் பணிபுரிகிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன பெட்டியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அதற்கு முன் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பயிற்சி வலுப் பயிற்சியா இல்லையா என்பது அதன் பெயரைப் பொறுத்ததன்று. அதைச் செய்பவரின் தசை ஏற்கெனவே பழகியதைவிட அதிகமான சுமையைச் சந்திக்கிறதா, களைப்பின் எல்லைக்கு அருகில் போகிறதா, பழகப் பழக அந்தச் சுமை கூடிக்கொண்டே வருகிறதா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் உடலசைவே இல்லாமல் இருந்த ஒருவருக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுவதே வலுப் பயிற்சிதான். அதே செயல் உங்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே ஓர் ஆசனம் முதல் சில மாதங்கள் வலுப் பயிற்சியாக இருந்து, உடல் பழகியபின் அப்படி இல்லாமல் போவது முற்றிலும் இயல்பானது.

சதுரங்க தண்டாசனத்தை எடுத்துக்கொள்வோம். தண்டால் எடுக்கும்போது கைகள் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தாங்குகின்றன. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் சுமார் 40 கிலோ. இது சிறிய சுமையன்று. சதுரங்கம் என்பது தண்டாலின் கீழிறங்கும் பாதி. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் அந்தப் பாதி வலுவை வளர்ப்பதில் மேலேறும் பாதிக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது என்ன? மூச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் ஒரு நொடியில் உடலைக் கீழே போட்டுவிட்டு, தோள்கள் முழங்கைக்கும் கீழே தொங்கும் நிலையிலிருந்து அப்படியே மார்பை நிமிர்த்தி அடுத்த நிலைக்குப் போய்விடுகிறார்கள். சுமை தசையிலிருந்து நழுவித் தோள் மூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, நான்கைந்து நொடிகள் எடுத்து இறங்கி, அங்கிருந்து மறுபடி மேலே தள்ளி எழுந்து பாருங்கள். வரிசையாக எட்டு முறை அப்படிச் செய்யத் திணறினால், மார்புக்கும் மேற்கையின் பின்தசைக்கும் அது வலுப் பயிற்சிதான் என்பதில் ஐயமில்லை.

உத்கடாசனத்தின் நிலை வேறு. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடிகிறதென்றால், அங்கு நீங்கள் வளர்ப்பது பெரும்பாலும் தாங்குதிறனை. உச்ச வலுவை அன்று. அதோடு, அசையாமல் ஒரே கோணத்தில் பிடித்து நிற்கும் பயிற்சி தரும் வலு, அந்தக் கோணத்துக்கு அருகில்தான் அதிகமாகக் கிடைக்கும். முழங்கால் பாதி மடிந்த நிலையில் நீங்கள் வலுவானவர். முழுவதும் மடிந்த நிலையிலிருந்து எழும்போது அந்த வலு அப்படியே துணைக்கு வராது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. யோகா விரிப்பில் கைகள் தரையைத் தள்ளுகின்றன. இழுப்பதற்கு அங்கே எதுவுமில்லை. ஆகவே மார்பும் தோளின் முன்பகுதியும் வேலை செய்ய, முதுகின் அகலமான தசைகளும், மேற்கையின் முன்தசையும், விரல்களின் பிடிவலுவும் வேலையின்றி இருந்துவிடுகின்றன. பின்தொடைத் தசைகள் நன்றாக நீட்டப்படுகின்றன, ஆனால் சுமை அதிகம் பெறுவதில்லை. சலபாசனம் (குப்புறப் படுத்து மார்பையும் கால்களையும் உயர்த்துவது), சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது) போன்றவை ஓரளவு ஈடுகட்டும், அவ்வளவுதான். பெட்டியைத் தரையிலிருந்து எடுக்கத் தேவைப்படுபவை பின்தொடை, பிட்டம், முதுகு, பிடி ஆகிய நான்கும். உங்கள் பயிற்சி விட்டுவைத்திருப்பவையும் ஏறத்தாழ இவைதாம். 'முக்கியமான தசைத் தொகுதிகள் அனைத்தும்' என்று வழிகாட்டுதல் சொல்வதால், அந்த அளவுகோலில் உங்கள் வகுப்பு முழுமையாகத் தேறாது என்பதே என் கருத்து.

பார்கவி:

நான் யோகா கற்பிக்கிறேன். இளம்பரிதி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், குறிப்பாகச் சதுரங்கத்தைப் பற்றி. அவசரமாக விழுந்து எழும் சதுரங்கத்தால் தோள் வலி வந்து என்னிடம் வருபவர்கள் குறைவில்லை. ஆனால் 'யோகா' என்ற ஒரே பெயரின்கீழ் ஒன்றோடொன்று ஒட்டாத பல பயிற்சிகள் இருப்பதை மறக்கக் கூடாது. தலையணைகளை அணைவாக வைத்து ஒவ்வொரு நிலையிலும் பத்து நிமிடம் ஓய்வாகக் கிடக்கும் வகுப்பை எந்தக் கணக்கிலும் வலுப் பயிற்சியாகச் சேர்க்க முடியாது. சூரிய நமஸ்காரத்தின் கதை வேறு. 1920களில் அதைப் பரவலாக்கிய அவுந்த் சமஸ்தான மன்னர், உடல்நலத்துக்கும் வலுவுக்குமான தேகப்பயிற்சியாகவே அதை முன்வைத்தார். தண்டாலையும் அதையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தால் உறவு தெரியும்.

பழகியபின் உடல் எடை சுமையாக இருக்காது என்ற பொருள் வரும்படி அவர் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எடை மாறாவிட்டாலும் நெம்புகோல் மாறும். பிளாங்க் நிலையில் (தண்டாலின் மேல்நிலை) தோள்களை மணிக்கட்டைத் தாண்டி ஒரு சாண் முன்னே கொண்டுபோனாலே சுமை உடனே கூடிவிடுகிறது. இரண்டு காலில் நின்ற உத்கடாசனத்தை ஒற்றைக் காலுக்கு மாற்றினால் தொடைக்குச் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உடலைக் கைகளிலேயே தாங்கும் பகாசனம், மயூராசனம், சுவரைத் துணையாகக் கொண்ட அதோமுக விருக்ஷாசனம் ஆகியவற்றைப் படிப்படியாகக் கற்பவருக்குத் தோளிலும் மணிக்கட்டிலும் வயிற்றிலும் உருவாகும் வலுவை எடை தூக்குபவர்களே வியந்து பார்ப்பதுண்டு. ஏணி இருக்கிறது, வகுப்புகள் பல முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

இருந்தாலும் யோகாவை நேசிப்பவள் என்ற முறையில் நானே ஒரு தடையைச் சொல்ல வேண்டும். எங்கள் பாடத்தின் போக்கே வேறு திசையில் இருக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் (2.46, 2.47) ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது, முயற்சி தளர்வதால்தான் அது கைகூடும் என்றும் சொல்கிறது. அங்கே பேசப்படுவது தியானத்துக்கான இருக்கை என்றாலும், அந்த மனப்போக்கு இன்றைய வகுப்பறை வரைக்கும் வந்திருக்கிறது. நல்ல மாணவர், எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நிறுத்தித் தசையின் வேலையைக் குறைக்கக் கற்றுக்கொள்கிறார். முகம் இறுகாமல், மூச்சு தடுமாறாமல் நிற்பதே தேர்ச்சி. வலுப் பயிற்சியிலோ ஒவ்வொரு வாரமும் முயற்சி கூட வேண்டும். கடைசி இரண்டு முறைகளில் முகம் இறுகுவது அங்கே குறையன்று. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் திணித்தால் இரண்டுமே நீர்த்துப்போகும். என் மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாட்களைத் தனியே ஒதுக்கிவிடச் சொல்கிறேன். அந்த நாட்களில் ஆசனங்களையே பயன்படுத்தினாலும் எண்ணிச் செய்ய வேண்டும், இடைவெளி விட்டு மறுபடி செய்ய வேண்டும், எவ்வளவு செய்தோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள், தேன்மொழி. உடற்பயிற்சியே இல்லாத முதியவர்களோடு ஒப்பிட்டபோது, யோகா செய்த முதியவர்களின் கால் வலுவும் சமநிலையும் மேம்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சம்பந்தமே இல்லை என்பது மிகை.

செந்தில்வேல்:

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தசை பெருப்பது மட்டும் நோக்கமென்றால், இலேசான சுமையைக்கூடக் களைப்பின் எல்லைவரை திரும்பத் திரும்பச் செய்தால் போதும். எலும்புக்கு அது போதாது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் 8 மாதங்கள் நடந்த ஆய்வொன்றில், வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம், பயிற்சியாளரின் மேற்பார்வையில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்தல்), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுதல்), தலைக்குமேல் தூக்குதல் ஆகியவற்றைச் செய்தார்கள். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட எடை. அவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது; வீட்டில் இலேசான பயிற்சி செய்த பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. 48 வயதில் இந்தக் கேள்வி உங்களுக்குத் தொலைவில் இல்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?

தேன்மொழி:

மூவருக்கும் நன்றி. பரிசோதனை செய்தேன், எலும்புப்புரை இல்லை, ஆனால் அடர்த்தி சற்றுக் குறைவு என்று அறிக்கை வந்திருக்கிறது. மருத்துவர் தனியாகக் கேட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஜிம்முக்குப் போக எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. யோகாவை விடாமல், விட்டுப்போனவற்றை மட்டும் வீட்டிலேயே சேர்த்துக்கொள்ள வழி உண்டா? போதுமான அளவு கடினமாகச் செய்கிறேனா என்பதை எப்படி அறிவது?

இளம்பரிதி:

உண்டு. இரண்டு டம்பெல்லும், கதவில் மாட்டக்கூடிய ஒரு ரப்பர் பட்டையும் தொடக்கத்துக்குப் போதும். டம்பெல்லின் எடையைக் கூட்டிக்கொண்டே போகும்படியானதாக வாங்குங்கள். ஒரே எடையில் நின்றுவிட்டால் பழைய கதைதான். பட்டையைத் தொப்புளை நோக்கி இழுக்கும்போது முதலில் தோள்பட்டை எலும்புகள் பின்னால் நகர வேண்டும், பிறகுதான் முழங்கை மடிய வேண்டும். தரையிலிருந்து எடை எடுப்பதற்கு, முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனியுங்கள். அர்த்த உத்தானாசனத்தில் நீங்கள் ஏற்கெனவே பழகியிருக்கும் முதுகுதான் இது. இந்த இடத்தில் யோகா செய்தவர்கள் மற்றவர்களைவிட வெகுவிரைவில் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அளவை அறிய எளிய வழி: ஒரு செட்டை (இடைவெளி விடாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) முடிக்கும்போது, இதே ஒழுங்கோடு இன்னும் எத்தனை முறை செய்திருக்க முடியும் என்று உங்களையே கேளுங்கள். இரண்டு அல்லது மூன்று என்றால் சரியான எடை. பத்து என்றால் அடுத்த முறை எடையைக் கூட்டுங்கள். செந்தில்வேல் சொன்ன ஆய்வின் எடைகளை வீட்டில் தனியாக முயலவே கூடாது. அவர்கள் முதல் சில வாரங்கள் இலேசான எடையில் முறையைக் கற்றபிறகே அங்கு போனார்கள். அதுவே உங்கள் நோக்கமாக மாறினால், மருத்துவரின் ஒப்புதலோடு நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்வதுதான் வழி.

நெம்புகோல் பற்றிப் பார்கவி அவர்கள் சொன்னது சரி. தள்ளும் அசைவுகளுக்கு அந்த ஏணியே போதும். டம்பெல்லையும் பட்டையையும் இழுக்கும் அசைவுகளுக்கும் தரையிலிருந்து எடுக்கும் அசைவுகளுக்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பார்கவி:

அடர்த்தி குறைவு என்ற செய்தியை உங்கள் ஆசிரியரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். முதுகெலும்பின் முன்பகுதியில் அழுத்தம் விழும்படி முதுகை உருட்டிக் குனியும் நிலைகளில் கவனம் வேண்டும். பச்சிமோத்தாசனத்தில் காலை எட்டிப் பிடிப்பதற்காக முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து நேராகச் சாய்ந்து, எட்டும் இடத்தில் நின்றுவிடலாம். பாதத்துக்கு ஒரு பட்டையைப் போட்டுக்கொண்டால் ஆசையும் அடங்கும். ஹலாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் மருத்துவரைக் கேட்கும்வரை தள்ளிவையுங்கள், கழுத்தில் விழும் சுமை அதிகம். அந்த நேரத்தைச் சலபாசனத்துக்கும் புஜங்காசனத்துக்கும் கொடுங்கள். புஜங்காசனத்தில் கைகளைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்தியே செய்து பாருங்கள், முதுகுத் தசைகளுக்கு உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கும்.