'சிம்போசியம் கோ-ஆர்டினேட்டர்' வரியை ரெசியூமிலிருந்து எப்போது எடுத்தீர்கள்?

சோழிங்கநல்லூர்வாசி:

ஏழு வருஷ சாஃப்ட்வேர் டெஸ்டிங் அனுபவத்தோடு 2022-ல் ஒரு லீட் வேலைக்கு இன்டர்வியூ போனேன். எதிரே இருந்தவர் ரெசியூமை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, இரண்டாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "டிபார்ட்மென்ட் சிம்போசியம், ஸ்டூடன்ட் கோ-ஆர்டினேட்டர், 2014." அதற்குக் கீழே மூன்று புல்லட்: 22 கல்லூரி, 400 பேர், ஸ்பான்சர் பிடித்தது.

"இது காலேஜ்லயா?"

"ஆமா சார், தேர்ட் இயர்."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க. அதுக்கப்புறம் எதையும் நடத்தலையா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் சுட்டது. முந்தின வருஷம்தான் நாலு பேரை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு ஊரில் வீட்டிலிருந்தபடி, ஒரு பேங்கிங் சாஃப்ட்வேரின் புது ரிலீஸை முடித்துக் கொடுத்திருந்தேன். அது ரெசியூமில் எப்படி இருந்தது தெரியுமா? "இன்வால்வ்ட் இன் ரெக்ரஷன் டெஸ்டிங்." ஒரே வரி. வாயால் எல்லாம் சொன்னேன். பேப்பரில் இல்லாததை அங்கே உட்கார்ந்து சொன்னால் சமாளிக்கிற மாதிரிதானே இருக்கும். வேலை கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். 2015-ல் சீனியர் ஒருவர் கொடுத்த ஃபார்மேட்டிலேயே கம்பெனி பெயர்களை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்பா பெயர், தெரிந்த மொழிகள், அடியில் அந்த டிக்ளரேஷன், எல்லாம் அப்படியே. ஹாபி: கிரிக்கெட் பார்ப்பது. சிம்போசியத்தை 2018-ல் முதல் கம்பெனி மாறும்போதே எடுத்திருக்க வேண்டும். எடுக்காததற்குக் காரணம் பாசம்தான். மேடையில் மைக் பிடித்தது அதுதான் முதல் தடவை.

உங்களுக்கு எப்படி நடந்தது?

கோவை எச்.ஆர்.:

மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஃபிரெஷர் ரெசியூமில் நான் முதலில் பார்ப்பதே அந்தப் பகுதியைத்தான். மற்றதெல்லாம் ஒரே அச்சு. ஒரே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைப் பத்துப் பேர் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருப்பார்கள். "கல்ச்சுரல்ஸில் பங்கேற்பு" என்றால் தாண்டிவிடுவேன். "ஹாஸ்டல் மெஸ் கமிட்டி, மாதக் கணக்கு" என்றிருந்தால் நிறுத்திக் கேட்பேன். அப்படி ஒரு பெண், காய்கறி எடையில் மாதாமாதம் விழுந்த துண்டைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னாள். பில்லிங் டீமுக்கு எடுத்துக்கொண்டோம்.

இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்தவர் என்றால் ஒரு வரி போதும். ஐந்துக்கு மேல் போனால் நான் அதைப் படிப்பதே இல்லை. எரிச்சல் வருவது ஒன்றுக்குத்தான்: வருஷம் போடாமல் "லீடர்ஷிப்" என்று தலைப்பு வைத்து காலேஜில் செய்ததை வேலையோடு கலந்துவிடுவது. அது தெரிந்துவிட்டால் மற்ற வரிகளும் சந்தேகம்தான்.

ஒரகடம் மெக்கானிக்கல்:

நான் வருஷக் கணக்குப் பார்த்து எடுக்கவில்லை. காலேஜில் மாணவர் பேரவைச் செயலாளர். டிரெய்னி இன்டர்வியூவில் ப்ளான்ட் எச்.ஆர். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்டிரைக்கெல்லாம் பண்ணியிருக்கீங்களா தம்பி?" என்றார். ஹாஸ்டல் தண்ணிக்காக ஒரு நாள் கேட்டில் உட்கார்ந்தோம் என்று உள்ளதைச் சொன்னேன். அதோடு சரி. அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அழித்தேன். வேலை கிடைத்தது. இப்போது லைனில் ஷிஃப்ட் இன்சார்ஜ். காலையிலிருந்து சாயங்காலம் வரை கான்ட்ராக்ட் ஆட்களோடு பேசித் தீர்ப்பதுதான் பாதி வேலை. அன்றைக்கு அழித்த வரிதான் இந்த வேலைக்கு உண்மையான தகுதி. திரும்பப் போடத்தான் தைரியம் வரவில்லை.

திண்டுக்கல் பி.காம்.:

எனக்குத் தலைகீழ். ஒன்பது வருஷம் அக்கவுன்ட்ஸ். என்.எஸ்.எஸ். வரியை எப்போதோ எடுத்துவிட்டேன். இரண்டு வருஷம், 240 மணி நேரம், ஏழு நாள் கேம்ப். ஆடிட்டர் ஆபீஸில் அது யாருக்கு வேண்டும்? பிறகு கண்மாய் சீரமைக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு வேலைக்கு ஆள் கேட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி போட்டேன்: "வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலம் அகற்றியது."

பேனலில் இருந்த அம்மா கணக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வேரோட எடுத்தீங்களா, மேலாப்புல வெட்டினீங்களா?"

"மேலாப்புலதான் மேடம். அடுத்த வருஷமே தழைச்சிருச்சு."

சிரித்துவிட்டார். முள் ஏறிய தழும்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது, அதையும் காட்டினேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

முன்னாள் கேடட்:

என்.சி.சி. 'சி' சர்டிபிகேட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ராணுவத்தில் எழுத்துத் தேர்வு இல்லாமல் எஸ்.எஸ்.பி. என்கிற அதிகாரித் தேர்வு இன்டர்வியூவுக்குப் போகிற என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரிக்கு அது வேண்டும், கிரேடும் குறைந்தது 'பி' இருக்க வேண்டும். நம்ம ஊர் போலீஸ் தேர்விலும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குத் தனி மார்க் உண்டு. ஐ.டி. ரெசியூமிலிருந்து தாராளமாக எடுங்கள், ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள். என் அக்கா மகன் லேமினேட் பண்ணாமல் வைத்து, வீட்டுக்குள் மழைத்தண்ணி வந்த அன்று கூழாக அள்ளினான்.

சோழிங்கநல்லூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. சிம்போசியம் போயாச்சு. அந்த இடத்தில் ரிலீஸ் கதை நாலு புல்லட்டாக வந்துவிட்டது. "இன்வால்வ்ட் இன்" ஒன்றுகூட இல்லை. ஹாபியில் கிரிக்கெட் மட்டும் இன்னும் இருக்கிறது. கோவை எச்.ஆர்., அதையும் எடுக்கணுமா?

கோவை எச்.ஆர்.:

பார்ப்பதா, ஆடுவதா?

சோழிங்கநல்லூர்வாசி:

பார்ப்பதுதான்.

கோவை எச்.ஆர்.:

2015-லேயே எடுத்திருக்கணும் சார்.