பட்டா இல்லாம உழைச்ச சீனாக்கார விவசாயிங்க பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கூடலூரான்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பந்தலூர் பக்கம். எங்க தாத்தா கண்டியில தேயிலைத் தோட்டத்துல இருந்தவரு, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் மண்டபம் கேம்ப் வழியா இங்க வந்து, புதர வெட்டி இஞ்சி, நேந்திரன், கொஞ்சம் தேயிலைன்னு போட்டாரு. இன்னும் பட்டா இல்ல, 1969ல ஜென்மிங்கற பழைய பெரிய நிலக்காரங்க உரிமைய ஒழிச்ச ஜென்மம் ஒழிப்பு சட்டத்துல செக்சன் 17 நிலம்னு, யாருக்குன்னு முடிவாகாம நிக்குது. பக்கத்துல நிலம்பூர்ல இருந்து வந்த சேட்டன் குடும்பம், அம்மாவுக்கு முடியாம போன ராத்திரி ஜீப் எடுத்துட்டு ஓடி வந்தது அவருதான், ஆனா நிலத்துல ஒரு தகராறுன்னா உடனே நாங்க 'சிலோன்காரங்க' ஆயிடுறோம், அதான் மனசு ஆறல. ஆஸ்திரேலியா பக்கம் சீனாக்காரங்க நிலம் சொந்தமில்லாமலே விவசாயம் பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன். ஊர்க்காரங்களோட எப்படி இருந்தாங்க, கடைசில என்ன ஆனாங்க?

கொழிஞ்சாம்பாறை மச்சான்:
தம்பி நான் ஆஸ்திரேலியாவுல கெய்ர்ன்ஸ்ல வேலை பாத்தேன், அங்கிருந்து மலையேறினா ஆதர்டன்னு ஊரு. வெள்ளைக்காரங்க பேர்ல இருந்த காட்ட சீனாக்காரங்க குத்தகைக்கு எடுத்து, மரத்த வெட்டி, வேர தோண்டி மக்காச்சோளம் போட்டாங்க. கடை, கோயில்னு தனி ஊரே இருந்துச்சு. முதல் உலகப் போர் முடிஞ்சதும் திரும்பி வந்த சிப்பாய்ங்களுக்கு நிலம் குடுக்கணும்னு குத்தகை போச்சு, சனமும் கலைஞ்சு போச்சு. இப்ப 1903ல கட்டின ஹௌ வாங் கோயில் மட்டும் நிக்குது, வெளிய பாத்தா தகரக் கொட்டகை, உள்ள போனா மரத்துல அப்படி ஒரு செதுக்கு வேலை. சுத்தி வெறும் புல்லு. எனக்கு அங்க நிக்கவே முடியல.

வயநாட்டு வாத்தியார்:
பழக்கம் நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். தோள்ல மூங்கில் கம்பு, ரெண்டு முனையிலும் கூடை, வீடு வீடா போய் கீரையும் கோசும் விப்பாங்க, கிறிஸ்துமஸ் வந்தா வாடிக்கை வீட்டம்மாவுக்கு ஒரு ஜாடி இஞ்சி முரப்பா இனாம். நியூசிலாந்துல தரானகின்னு ஒரு பகுதி, அங்க சூ சோங்னு ஒரு சீன வியாபாரி. குடியேறினவங்க காட்ட எரிச்சுப் போட்ட கட்டையில மரக்காளான் முளைக்கும், அத யாரும் சீண்ட மாட்டாங்க, இவரு ரொக்கம் குடுத்து வாங்கி சீனாவுக்கு அனுப்பினாரு. வெண்ணெயக் குடுத்தா கடையில பண்டமாத்துதான், கையில காசே பாக்காத குடும்பங்க காளான் பொறுக்கித்தான் பொழைச்சுது. 1887ல எல்தம்ல வெண்ணெய் பேக்டரியும் வச்சாரு. அப்படிப்பட்ட நாட்டுலயே சீனாக்காரன் உள்ள வரணும்னா 1881ல 10 பவுண்டு தலைவரி, 1896ல அது 100 பவுண்டு ஆச்சு. அரசாங்கம் மன்னிப்பு கேட்டது 2002ல.

சித்தூர் செல்வி:
வாத்தியாரே, இஞ்சி ஜாடிய மட்டும் பாத்தா எப்படி. 1861ல ஆஸ்திரேலியாவுல லாம்பிங் பிளாட்னு தங்கம் தோண்டுற இடத்துல கும்பலா வந்து சீனாக்காரங்க கூடாரத்த எரிச்சு, பின்னி விட்ட முடியெல்லாம் அறுத்தாங்க. அன்னைக்கு ஓடி வந்த ஆயிரத்துக்கு மேல பேருக்கு ஜேம்ஸ் ராபர்ட்ஸ்னு ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரர் தன் இடத்துல தங்கச் சொல்லி சோறும் குடுத்தாரு. ஆனா அந்த வருஷமே அரசாங்கம் போட்ட சட்டம் சீனாக்காரங்கள உள்ள விடாம தடுக்கத்தான். உங்க சேட்டன் மாதிரி ஆளு எங்கயும் இருப்பாங்க தம்பி, ஆனா பட்டா அவரு கையில இல்லயே.

நடுவட்டம் மணி:
ஆஸ்திரேலியா வரைக்கும் எதுக்கு போறீங்க, நம்ம மலையிலயே இருந்தாங்க! மலாயா பக்கத்துல இருந்து மெட்ராஸ் ஜெயிலுக்குக் கொண்டு வந்த சீனக் கைதிங்கள வெள்ளைக்காரன் நடுவட்டத்துல கொயினா மருந்துக்கு வளர்த்த சின்கோனா மரத் தோட்டத்துல வேலை வாங்கினான், அந்த ஜெயில் இப்ப மியூசியம். அதுல சில பேர் இங்கயே தங்கி, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல சரிவுல குடிசை போட்டு, தமிழ்ப் பொண்ணுங்களக் கட்டிக்கிட்டு காய்கறி, கொஞ்சம் காப்பி, மாடுன்னு பொழைச்சாங்க. 1909ல தர்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரர் தென்னிந்திய ஜாதி, பழங்குடிங்க பத்தி எழுதின புத்தகத்துல இது இருக்கு. ஊட்டி பஸ்ல நாம தினம் அந்தச் சரிவத் தாண்டித்தான் போறோம்.

கூடலூரான்:
மணி அண்ணா, அந்த வழியா நூறு தடவ போயிருப்பேன், தெரியாமப் போச்சே. இஞ்சி ஜாடி படிச்சதும் தாத்தா ஞாபகம் வந்துருச்சு, இஞ்சி பறிச்சா முதல் கூடை சேட்டன் வீட்டுக்குத்தான் போகும், அங்கிருந்து கூடை சும்மா திரும்பாது, சக்கச்சுளை நிறைஞ்சு வரும். செல்விக்கா சொன்னதும் சரிதான். ஞாயித்துக்கிழமை சேட்டன் பையனையும் கூட்டிட்டு நடுவட்டம் வரேன், எந்தச் சரிவுன்னு காட்டுறீங்களா?