மூணு நாளா நாலு நாளா? ரூஃபஸ் சாவும் ஹென்றி கிரீடமும்

அம்பறாத்தூணி:
நேத்து வேற ஒரு திரெட்ல ஒருத்தர் ரொம்ப ஜம்பமா எழுதிட்டுப் போனார், "இங்கிலாந்து ராஜா வில்லியம் ரூஃபஸ் செத்தது சாதாரண வேட்டை விபத்து, தம்பி ஹென்றி முறைப்படி வாரிசா வந்தான், இதுல மர்மம்னு ஒண்ணும் கிடையாது"ன்னு. படிச்சதுல இருந்து சோறு இறங்கல எனக்கு. முறைப்படியாமே! 1100 ஆகஸ்ட் 2, நியூ ஃபாரஸ்ட் காட்டுல அண்ணன் நெஞ்சுல அம்பு. ஆகஸ்ட் 5, வெஸ்ட்மின்ஸ்டர்ல தம்பி தலையில கிரீடம். மூணு நாள். நாம மூணாம் நாள் பால் தெளிப்போம், இவன் மூணாம் நாள் முடி சூட்டிக்கிட்டான். அண்ணன் பொணத்தை காட்டுலயே போட்டுட்டு போயாச்சு, யாரோ குடியானவங்க வண்டியில ஏத்தி வின்செஸ்டர் கொண்டு வந்தாங்க, வழி நெடுக ரத்தம் சொட்டிக்கிட்டே வந்துச்சுன்னு அந்தக் காலத்துல வரலாறு எழுதின சந்நியாசி மாம்ஸ்பரி வில்லியம் எழுதி வச்சிருக்கார். தம்பி எங்க? ராஜாவோட கஜானா சாவி கேட்டு வின்செஸ்டர்ல நிக்கிறான். இது விபத்தாம்.

பழையபேப்பர்:
அந்த "ஒருத்தர்" நான் தான். பேரைச் சொல்லியே திட்டலாம், நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். முதல்ல கணக்கு சரியா போடுங்க சார். ஆகஸ்ட் 2 வியாழக்கிழமை, ஆகஸ்ட் 5 ஞாயித்துக்கிழமை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாள். ரெண்டாவது, அவசரமா முடி சூட்டினா கொலைகாரன்னா ஹரால்டை என்ன பண்ணுவீங்க? அவருக்கு முன்னாடி ராஜாவா இருந்த எட்வர்ட் செத்தது 1066 ஜனவரி 5, ஹரால்ட் முடி சூட்டினது 6. ஒரே நாள். அப்போ அவர் தான் எட்வர்டை தலகாணி வச்சு அமுக்கினாரா?

அம்பறாத்தூணி:
வந்துட்டாரு ஹரால்டைத் தூக்கிக்கிட்டு. எட்வர்ட் படுக்கையில கிடந்து செத்தவர், சாவு வரப்போகுதுன்னு ஊருக்கே தெரியும், கிறிஸ்துமஸுக்கும் புது தேவாலயத்தைத் திறக்கறதுக்கும் பெரிய தலைங்க எல்லாம் ஏற்கனவே வெஸ்ட்மின்ஸ்டர்ல கூடியிருந்தாங்க. ரூஃபஸ் அப்படியா? மத்தியானம் வரைக்கும் நல்லா தின்னுட்டு குடிச்சுட்டு வேட்டைக்குப் போன ஆளு. அப்படி திடீர்னு செத்தவனுக்கு மூணே நாள்ல பட்டாபிஷேகம் ரெடி. அதைத் தான் கேக்கறேன். நாலு நாளாம்ல. சாயங்காலம் செத்தான் சார். வியாழக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூணு ராத்திரி. மூணு.

செவலைக்காளை:
ரெண்டு பேரும் கை விரலை விட்டு எண்ணுங்கப்பா. பத்தலைன்னா கால் விரலையும் சேத்துக்கலாம் 😂

வெள்ளைக்கப்பல்:
ஒரு சின்ன கேள்வி. "வாரிசு"ன்னு ரெண்டு பேரும் சொல்றீங்களே, 1100ல இங்கிலாந்துல வாரிசுன்னா யாரு? மூத்தவனா, அப்பன் கை காட்டினவனா, பிஷப் தலையில எண்ணெய் ஊத்தினவனா? இதைப் பேசாம நாள் எண்ணி என்ன ஆகப்போகுது?

அம்பறாத்தூணி:
அக்கா அதெல்லாம் அப்புறம். ராபர்ட் இருக்காரே, மூத்தவர், நார்மண்டி கோமகன், அவரு சிலுவைப்போர் முடிச்சுட்டு திரும்பி வந்துக்கிட்டே இருக்கார், சும்மா வரல, வழியில தெற்கு இத்தாலியில சிபில்லான்னு பெரிய இடத்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டு சீதனத்தோட வர்றார். 1096ல ரூஃபஸ்கிட்ட 10,000 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) வாங்கி நார்மண்டியை அடமானம் வச்சிட்டுப் போனவரு, இப்ப அதை மீட்க கையில காசு. 1091 ஒப்பந்தத்துல ரூஃபஸும் ராபர்ட்டும், "புள்ள இல்லாம நம்மள்ல யார் செத்தாலும் மத்தவனுக்கு சொத்து"ன்னு பேசி முடிச்சாச்சு, அதுல ஹென்றிக்கு நாமம். செப்டம்பர்ல ராபர்ட் வந்து இறங்கிட்டாரு. ஆகஸ்ட்ல ரூஃபஸ் செத்துட்டான். ஒரு மாசம் தள்ளி செத்திருந்தா ஹென்றி வெறும் கடைசித் தம்பி. இவ்வளவு தோதா வர்ற விபத்தை நான் கண்டதில்ல. மூணே நாள்ல!

பழையபேப்பர்:
நாலு.
அப்புறம் அந்தக் குடும்பத்து வழக்கம் தெரியாம பேசறீங்க. 1087 செப்டம்பர்ல நார்மண்டி ரூஆன்ல அப்பன் வில்லியம் சாகக் கிடக்கிறான், மூச்சு நிக்கிற வரைக்கும் கூட ரூஃபஸ் காத்திருக்கல, இங்கிலாந்துக்கு ஓட்டம். ஹென்றிக்கு பங்கா 5,000 பவுண்டு வெள்ளி கொடுத்தாங்க, அவன் அப்பன் பக்கத்துல உக்காந்து அழுதானா? வெள்ளியை எடை போட்டு குறையுதான்னு பாக்கப் போயிட்டான். வேலைக்காரங்க துணிமணியைக் கூட விடாம உருவிக்கிட்டு பொணத்தைத் தரையில போட்டுட்டுப் போயிட்டாங்க. இது தான் அந்த வீட்டு லட்சணம். ஓடினான்றதுக்காக கொன்னான்னு சொல்ல முடியாது. அந்தக் காலத்துல முடி சூட்டினா தான் ராஜா, அது வரைக்கும் நாட்டுல ராஜாவோட சட்டமே செல்லாது, எவன் வேணா எவனை வேணா வெட்டலாம். ஹென்றி சோம்பேறியா உக்காந்திருந்தா தான் ஆச்சரியப்படணும்.

அம்பறாத்தூணி:
அப்போ ரூஃபஸுக்கு ஏன் செப்டம்பர் 26 வரைக்கும் ஆச்சு? அப்பன் செத்தது 9, 17 நாள். ஹென்றிக்கு அப்புறம் வந்த அவன் சகோதரி மகன் ஸ்டீஃபன்? ஹென்றி 1135 டிசம்பர் 1ல செத்தான், ஸ்டீஃபனுக்கு கிரீடம் 22ல. ஊரே திட்டற திருட்டுப் பய ஸ்டீஃபன், அவனுக்கே மூணு வாரம். ஹென்றிக்கு மட்டும் மூணு நாள்!

பழையபேப்பர்:
ஐயா சாமி, அவங்க ரெண்டு பேரும் கடல் தாண்டி வரணும். ஹென்றி அதே காட்டுல வேட்டையில இருந்தான், வின்செஸ்டருக்கு குதிரையில கொஞ்ச நேரம். மேப்பைத் திறந்து பாத்துட்டு எழுதினா புண்ணியமா போகும். போன மாசம் இன்னொரு இங்கிலாந்து ராஜா மூணாம் ரிச்சர்ட் திரெட்லயும் இதே கூத்து, லெஸ்டர் கார் பார்க்கிங்ல 2012ல எலும்பு கிடைச்சதை வச்சு நீங்க விட்ட கதை இன்னும் மறக்கல.

அம்பறாத்தூணி:
"அதே காட்டுல வேட்டையில இருந்தான்." நான் சொல்லல, நீங்களே சொல்றீங்க. குறிச்சு வச்சுக்கங்க எல்லாரும்.
மேப்பாம்ல. சார், நான் அந்தக் காட்டுக்கே போயிருக்கேன், கேன்டர்டன் பக்கம் ரூஃபஸ் கல்லு தொட்டுப் பாத்திருக்கேன். முக்கோணமா மூணு பக்கமும் எழுத்து. 1745ல நட்ட கல்லு, வர்றவன் போறவன் எல்லாம் சுரண்டி வச்சதால 1841ல இரும்பு உறை போட்டு மூடிட்டாங்க. கூட வேட்டையாடின வால்டர் டிரெல் மான் மேல விட்ட அம்பு ஓக் மரத்துல பட்டுத் திரும்பி ராஜா நெஞ்சுல ஏறிச்சுன்னு எழுதியிருக்கு. அந்தக் குளிர்ல நின்னு ஒரு பக்கம் விடாம படிச்சுட்டு வந்தவன் நான், நீங்க மொபைல்ல மேப்பை விரிச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறீங்க.

பழையபேப்பர்:
செத்து 645 வருஷம் கழிச்சு நட்ட கல்லு. அதுல கூட விபத்துன்னு தானே எழுதியிருக்கு? அதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?

செவலைக்காளை:
🔥🔥 அடி பலம்

அம்பறாத்தூணி:
கல்லை எவன் நம்பினான், நான் போனேன்னு தான் சொன்னேன். இப்ப நேரா ஒரு கேள்வி, நேரா பதில் வரணும். அம்பு விட்ட வால்டர் டிரெல் யாரோட மாப்பிள்ளை? கிளேர்ங்கற பிரபு குடும்பத்து மாப்பிள்ளை. அந்த வீட்டு கில்பர்ட்டும் ரோஜரும் அன்னைக்கு வேட்டையில இருந்தாங்க. அதே 1100ல அந்த வீட்டு ரிச்சர்டை ஈலி மடத்துக்கு தலைவரா போட்டது யாரு? ஹென்றி. டிரெல்லைத் தேடிப் பிடிச்சு தூக்குல போட்டானா? ஒரு மயிரும் பிடுங்கல, அவன் பாட்டுக்கு பிரான்ஸ் போய் செட்டில் ஆயிட்டான். அண்ணனைக் கொன்னவனை எந்தத் தம்பி சார் அப்படி விடுவான்?

பழையபேப்பர்:
விபத்துன்னு நினைச்சவன் விடுவான்! டிரெல் பின்னாடி பிரான்ஸ் மடாதிபதி சூஜேர்கிட்ட சத்தியம் பண்ணினான், "அன்னைக்கு ராஜா இருந்த பக்கமே நான் போகல"ன்னு. அப்ப அவனுக்கு ஹென்றிகிட்ட பயமும் இல்ல, வாங்கித் தின்னதும் இல்ல. கொலையா இருந்தா பெருமையா ஒத்துக்கிட்டிருக்கலாம், இல்ல கூலி கேட்டிருக்கலாம். அந்த வேட்டையில பரிசுன்னு அவனுக்குக் கிடைச்சதா அந்தக் காலத்து சந்நியாசி ஆர்டெரிக் எழுதினது எல்லாம் ரெண்டு அம்பு தான், கொல்லன் ஆறு கொண்டு வந்தான், ரூஃபஸ் நாலு வச்சுக்கிட்டு, குறி தப்பாம விடறவனுக்குத் தான் கூரான அம்புன்னு சொல்லி ரெண்டை டிரெல் கையில கொடுத்தான். சாவைத் தானே எடுத்துக் கொடுத்திருக்கான் மனுஷன். இது போக அந்தக் காடே அந்த வீட்டுக்கு ஆகல. ரூஃபஸோட அண்ணன் ரிச்சர்ட் அங்க தான் செத்தான், ராபர்ட்டோட வைப்பாட்டி மகன் இன்னொரு ரிச்சர்ட் அதே 1100 மே மாசம் அதே காட்டுல அம்பு பட்டு செத்தான். அதையும் ஹென்றி தலையில கட்டுங்க.

அம்பறாத்தூணி:
கட்டுவேன். மே மாசம் ஒத்திகை.

வெள்ளைக்கப்பல்:
ஒத்திகையா 🤦‍♀️ கஜானா வாசல்ல பிரெட்டே வில்லியம்ங்கற பிரபு வழி மறிச்சு, நீயும் நானும் ராபர்ட்டுக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்தவங்கன்னு சொன்னான்ல, ஹென்றி கத்தியை உருவினான்ல, முக்கியமான இடமே அது தான். அங்க தான் வாரிசுன்னா யாருங்கற சண்டையே நடக்குது. அப்பன் ராஜா ஆனதுக்கு அப்புறம் பொறந்த மகன் நான் ஒருத்தன் தான்னு ஹென்றி பக்கம் ஒரு வாதம் இருந்துச்சு. அதைப் பத்தி எவராவது ஒரு வரி?

பழையபேப்பர்:
அக்கா கரெக்ட், ஆனா முதல்ல அவரை நாலு நாள்னு ஒத்துக்கச் சொல்லுங்க.

அம்பறாத்தூணி:
மூணு.

செவலைக்காளை:
இந்த ஹென்றி தானே விலாங்கு மீன் தின்னு செத்தவன்? அண்ணனுக்கு அம்பு, தம்பிக்கு மீன் குழம்பு 😂

பழையபேப்பர்:
விலாங்கு இல்ல, லாம்ப்ரே. அதுக்கு தாடையே கிடையாது, வட்டமா உறிஞ்சற வாய், மத்த மீன் மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். விலாங்கு வேற ஜாதி. ஹன்டிங்டன் ஹென்றின்னு அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர் எழுதினது, வைத்தியர் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம தின்னான்னு.

செவலைக்காளை:
பாக்க பாம்பு மாதிரி வழவழன்னு இருந்தா எங்க வீட்டுல அது விலாங்கு தான் சார்.

பழையபேப்பர்:
உங்க வீட்டுக்காக மீன் ஜாதி மாறாது.

அம்பறாத்தூணி:
பாத்தீங்களா, மாட்டிக்கிட்டா உடனே மீனுக்கு ஓட்டம். நான் விடமாட்டேன். முடி சூட்ட கான்டர்பரி ஆர்ச்பிஷப் வேணும், ஆன்செல்ம் அப்ப நாடு கடந்து இருக்கார். வர்ற வரைக்கும் காத்திருந்தானா? இல்ல, லண்டன் பிஷப் மாரிஸை வச்சு வேலையை முடிச்சான். வின்செஸ்டர் பிஷப் பதவியை ரூஃபஸ் காலியா வச்சு வருமானத்தைத் தின்னுக்கிட்டிருந்தான், ஹென்றி வந்த வேகத்துல வில்லியம் கிஃபார்டுக்குக் கொடுத்தாச்சு. முடி சூட்டின கையோட சாசனம் வேற, அண்ணன் பண்ணின அநியாயத்தை எல்லாம் ஒழிக்கறேன்னு. இவ்வளவும் மூணு நாள்ல யோசிச்சதா? முன்னாடியே எழுதி பையில வச்சிருந்தான் சார். நவம்பர் 11ல ஸ்காட்லாந்து இளவரசி மட்டில்டாவோட கல்யாணம் வேற. அண்ணன் செத்து நூறு நாள் தான்.

பழையபேப்பர்:
நூத்தி ஒண்ணு.

வெள்ளைக்கப்பல்:
கடவுளே.

அம்பறாத்தூணி:
சிரிங்க சிரிங்க. ராபர்ட்டுக்கு என்ன ஆச்சு? 1101ல படையோட வந்தார், வருஷத்துக்கு 3,000 மார்க் தர்றேன்னு பேசி அனுப்பினான், 1106ல டின்ஷெப்ரே சண்டையில பிடிச்சு 28 வருஷம் ஜெயில், கார்டிஃப்லயே 1134ல செத்தாரு. சொந்த அண்ணனுக்கு 28 வருஷம் ஜெயில் கொடுக்கறவனுக்கு இன்னொரு அண்ணன் மேல ஒரு அம்பு எம்மாத்திரம்?

வெள்ளைக்கப்பல்:
அவனுக்கும் கிடைச்சுதே. 1120 நவம்பர் 25, பார்ஃப்ளர் துறைமுகம், வெள்ளைக் கப்பல், குடிச்சுட்டு துடுப்பு போட்டு பாறையில மோதி ஏறக்குறைய 300 பேர். ஹென்றியோட ஒரே ஆண் வாரிசு, மகன் வில்லியம் போயிட்டான், பொழச்சது ரூஆன்காரர் ஒரு கசாப்புக்கடைக்காரர் மட்டும். வயித்துப்போக்குன்னு கப்பல்ல இருந்து இறங்கினவன் ஸ்டீஃபன். ஹென்றி மகள் மட்டில்டாவை ராணியா ஏத்துக்கறேன்னு 1127ல சத்தியம் பண்ணிட்டு, ஹென்றி செத்ததும் தானே ஏறி உக்காந்தான். யாரு வாரிசுன்னு

அம்பறாத்தூணி:
அக்கா நீங்க ஸ்டீஃபன் கட்சியா மட்டில்டா கட்சியா, அதைச் சொல்லுங்க முதல்ல.

வெள்ளைக்கப்பல்:
நான் எழுதி முடிக்கவே இல்ல.

பழையபேப்பர்:
வின்செஸ்டர் தேவாலயத்துல ரூஃபஸைப் புதைச்ச இடத்துக்கு மேல இருந்த கோபுரம் 1107ல இடிஞ்சு விழுந்துச்சு. பாவியைப் புதைச்சதால விழுந்துச்சுன்னு பேசினாங்க, மாம்ஸ்பரி வில்லியமே கட்டுமானம் சரியில்லாம விழுந்திருக்கும்னு எழுதினார். 900 வருஷம் முன்னாடி ஒரு சந்நியாசிக்கு இருந்த நிதானம் இங்க சில பேருக்கு இல்ல.

அம்பறாத்தூணி:
என்னைத் தானே சொல்றீங்க? நேரா சொல்லுங்க. வியாழன் சாயங்காலம், வெள்ளி, சனி, ஞாயிறு காலையில கிரீடம். யார்கிட்ட வேணா கொடுத்து எண்ணச் சொல்லுங்க.

பழையபேப்பர்:
எண்ணிட்டீங்களே நீங்களே. நாலு கிழமை வந்துச்சு.

அம்பறாத்தூணி:
அரை நாளை முழு நாளா எண்ணற ஆளுகிட்ட வரலாறு பேசினது என் தப்பு. மூணாம் ரிச்சர்ட் திரெட்டை மறுபடி திறக்கறேன், அங்க வாங்க.

செவலைக்காளை:
லாம்ப்ரேவுக்கு முள் இருக்குமா இருக்காதா? யாராவது சொல்லுங்கப்பா